ஒரு நாற்காலி குறைந்த பந்தி

பந்தியில் உட்கார்ந்த மனிதரைத் தோளைத் தொட்டு எழுப்பிவிட்டவன் நான். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இல்லாவிட்டால் சுற்றி வளைத்துப் பேசி, கடைசியில் உங்களையும் என் பக்கம் இழுத்துவிடுவேன். பதினோரு வருடமாகச் சபைச் செயலராக இருப்பவனுக்கு அந்தச் சாமர்த்தியம் இல்லாமலா போகும்?

என் பெயர் வேதமாணிக்கம். தாயில்பட்டிக்குப் பக்கத்தில் ஒரு பட்டாசுக் கம்பெனியில் போர்மேன். எங்கள் சபையில் மொத்தம் நாற்பத்திரண்டு குடும்பங்கள். போதகர் மாதத்தில் இரண்டு ஞாயிறு வருவார். மற்ற ஞாயிறுகளில் நாங்களே பாடி, நாங்களே வாசித்து, வெளியே வந்து நாங்களே சண்டையும் போட்டுக்கொள்வோம். முக்கால்வாசிப் பேருக்குப் பட்டாசு வேலைதான். அதனால் எங்கள் பிரதிஷ்டைப் பண்டிகை, அதாவது கோயில் கட்டித் திறந்த நாளைக் கொண்டாடும் பண்டிகை, தீபாவளி முடிந்த மறுவாரம் வரும். கோயில் திறந்தது என்னவோ ஆனி மாதம். ஆனால் ஆனியில் சீசன் சூடு பிடித்திருக்கும், யாருக்கும் லீவு கிடைக்காது. தீபாவளிக்குப் பிறகுதான் கம்பெனிகள் மூடிக் கிடக்கும். ஆண்டவர் இதையெல்லாம் பெரிதாக எடுத்துக்கொள்ள மாட்டார் என்று எங்கள் பெரியவர்கள் அந்தக் காலத்திலேயே தேதியை நகர்த்திவிட்டார்கள்.

பண்டிகை ஆராதனை முடிந்ததும் அசனம். சபையார், அக்கம்பக்கத்துத் தெருக்காரர்கள் எல்லோரும் கோயில் வளாகத்தில் ஒன்றாக உட்கார்ந்து சாப்பிடும் சாப்பாடு. அந்த அசனத்தில் முதல் இலை எங்கள் யாருக்கும் கிடையாது. போதகருக்கும் கிடையாது. அது சோலைச்சாமி குடும்பத்துக்கு.

அவர்கள் கிறிஸ்தவர்கள் இல்லை. எழுபத்தைந்து வருடத்துக்கு முன்னால் நான்கு குடும்பங்கள் ஞானஸ்நானம் வாங்கின. வாங்கிய மறுநாளே அவர்களைப் பண்ணை வேலையிலிருந்து நிறுத்திவிட்டார்கள். ஜெபம் பண்ண ஒரு கூரை போடலாம் என்றால் இடம் இல்லை. புறம்போக்கில் போட்ட கொட்டகையை இரண்டு தடவை பிரித்து எறிந்தார்கள். அப்போது சோலைச்சாமி என்ற கூலிக்காரர், தன் பேரில் இருந்த ஒரே துண்டுக் கரிசலைக் கொடுத்தார். ஏன் கொடுத்தாய் என்று கேட்டவர்களிடம், "அதுல என்னத்த வெளைஞ்சது, முள்ளுதானே கெடக்கு" என்றாராம். அது பொய். அந்த வருடம் அதில் கம்பு இடுப்பளவு நின்றது என்று என் அப்பா சொல்லியிருக்கிறார். நின்ற கம்பை அறுத்துவிட்டுத்தான் கோயிலுக்குக் கால் ஊன்றினார்கள்.

கோயில் திறந்த அன்று பொங்கிய ஒரு பானைச் சோற்றில் முதல் அகப்பையைச் சோலைச்சாமியின் இலையில் போட்டார்கள். சபை உள்ள மட்டும் அப்படியே நடக்க வேண்டும் என்று அப்போது சபையை நடத்திவந்த உபதேசியார் எழுத, நான்கு குடும்பத் தலைவர்களும் கைநாட்டு வைத்தார்கள். அதிலிருந்து போன வருடம் வரை, பஞ்ச காலத்தில் வெறும் கஞ்சி ஊற்றிய வருடத்திலும், அந்த வழக்கம் தவறியதில்லை. தவறவிட்ட பெருமை எனக்கு.

சோலைச்சாமி போன பிறகு அவர் மகன் முத்துக்கருப்பன் வந்து உட்காருவார். வயது எழுபத்திரண்டு. மகன் பாண்டிராஜுக்கு விஸ்வநத்தத்தில் லோடு ஏற்றும் வேலை கிடைத்ததும் குடும்பத்தோடு அங்கே போய்விட்டார். ஆனாலும் வருடம் தவறாமல் பண்டிகை அன்று இரண்டு பஸ் மாறி வந்துவிடுவார். சலவை வேட்டி, தோளில் துண்டு. ஆராதனைக்குள் வர மாட்டார். வேப்பமரத்தடியில் நின்றுகொண்டு, பாட்டு முடிகிறதா என்று பார்த்துக்கொண்டிருப்பார். சாப்பாட்டு ஜெபத்தின்போது நாங்கள் கண்ணை மூடினால் அவர் மூட மாட்டார். இலைக்கு முன்னால் கையை முழங்காலில் வைத்துக்கொண்டு, நாங்கள் ஆமென் சொல்லும் வரை பொறுத்திருப்பார். நாங்கள் அவரைப் பெரியப்பா என்போம். அவர் என்னை "ஏலே வேதம்" என்பார். நான் போர்மேன் ஆன பிறகும், எனக்குத் தலை நரைத்த பிறகும், ஏலே வேதம்தான்.

இந்த வருடம் எழுபத்தைந்தாவது பண்டிகை. கோயிலுக்குப் புதுக் கூரை போட்டோம். போட்டோம் என்ன, என் முதலாளி ஸ்ரீராம்குமார் போட்டுக் கொடுத்தார். நான்தான் போய்க் கேட்டேன். அவர் சிவகாசியில் பெரிய கை. எங்கள் கோயிலுக்கும் அவருக்கும் என்னைத் தவிர வேறு சம்பந்தம் இல்லை. கேட்டதும் சரி என்றார். அந்த மனிதரைக் குறை சொல்ல எனக்கு ஒன்றுமே இல்லை. அவர் என்னிடம் எதையும் எதிர்பார்க்கவில்லை. எதிர்பார்த்ததெல்லாம் நான்தான். முதலாளி நம் ஊர் மண்ணில் வந்து உட்காரப் போகிறார், என் ஒழுங்கைப் பார்க்கப் போகிறார் என்று எனக்குத் தலைகால் புரியவில்லை.

வழக்கமாக அசனத்துக்குத் தரையில் பாய்தான். இந்த முறை வாடகைக்கு மேசை எடுத்தேன். எட்டுப் பேர் உட்காரும் ஒரே ஒரு நீள மேசை, வெள்ளைத் துணி, எட்டு நாற்காலி. முதலாளியும் அவர் மனைவியும், கம்பெனி மேனேஜர், போதகரும் அவர் மனைவியும், பஞ்சாயத்துத் தலைவர், இவர்களோடு பெரியப்பா, கடைசியாகச் சபைச் செயலரான நான். இருக்கை வரிசையைத் தாளில் எழுதி, சட்டைப்பையில் வைத்துக்கொண்டு நாலு நாளாக அலைந்தேன். தரையில் உட்கார்ந்தே பழகிய பெரியப்பாவை இந்தத் தடவை மேசையில் உட்கார வைக்கப்போகிறேன் என்று என் மனைவி ஞானசுந்தரியிடம் பெருமை வேறு அடித்துக்கொண்டேன்.

பண்டிகை அன்று ஆராதனை நன்றாக நடந்தது. பந்தலில் இலை போட்டாயிற்று. பரிமாறும் பெண்களில் ஞானசுந்தரியும் ஒருத்தி. அவள்தான் பெரியப்பாவைக் கூப்பிட்டு மேசையில் முதல் இலைக்கு முன்னால் உட்கார வைத்தாள். அவர் நாற்காலி நுனியில்தான் உட்கார்ந்தார். உப்பு வைத்து, ஊறுகாய் வைத்து, கத்திரிக்காய்க் கூட்டு வைத்து, முறைப்படி முதல் அகப்பைச் சோற்றை அவர் இலையில் போட்டாள். அவர் கையை முழங்காலில் வைத்துக்கொண்டு ஜெபத்துக்காகக் காத்திருந்தார்.

அப்போதுதான் முதலாளியின் கார் வந்தது. இறங்கியவர்கள் மூன்று பேர் அல்ல, நான்கு பேர். முதலாளியின் மாமனார் இராமகிருஷ்ணனும் கூட வந்திருந்தார். சும்மா வீட்டில் இருந்தவரை, வாங்களேன் என்று கூட்டி வந்திருக்கிறார்கள். வெள்ளைச் சட்டையும் தங்கக் கண்ணாடியுமாக நல்ல மனிதர். மேசைக்குப் பக்கத்தில் வந்து, எங்கே உட்காருவது என்று தெரியாமல் நின்றார். ஒவ்வொருவராக உட்கார்ந்தார்கள். அவர் மட்டும் நின்றுகொண்டிருந்தார். முதலாளி திரும்பி என்னைப் பார்த்தார். சும்மா பார்த்தார், அவ்வளவுதான்.

நேராகப் போனேன். பெரியப்பாவின் தோளைத் தொட்டேன்.

"பெரியவரே, கொஞ்சம் எந்திரிங்க. அடுத்த பந்தியில உக்காந்துக்கிடலாம்."

பெரியவரே என்றேன். பெரியப்பா என்று சொல்லவில்லை. முதலாளி காதில் விழ, யாரோ ஒரு வழிப்போக்கரைச் சொல்வதுபோலப் பெரியவரே என்றேன்.

அவர் நிமிர்ந்து என் முகத்தைப் பார்த்தார். நான் விளையாடுகிறேன் என்று ஒரு நொடி நினைத்திருப்பார் போல, உதட்டில் லேசாகச் சிரிப்புகூட வந்தது. பிறகு எழுந்தார். நாற்காலி சத்தம் போடாமல் கையால் தூக்கிப் பின்னால் வைத்துவிட்டு நகர்ந்தார். நான் இராமகிருஷ்ணனைப் பார்த்து, "உக்காருங்க சார், வாங்க" என்று இளித்தேன். இலையைக்கூட மாற்றவில்லை. பெரியப்பாவுக்குப் போட்ட சோற்றுக்கு முன்னால் அவர் உட்கார்ந்தார். அவருக்கு எதுவும் தெரியாது.

இதோடு நின்றிருந்தால்கூட ஒரு மாதிரி. வருடா வருடம் ஜெபத்துக்கு முன்னால் செயலர் மைக்கில் ஒரு வாசகம் படிக்க வேண்டும். தாள் கையில் இருந்தது. கை தானாக மைக்கைப் பிடித்தது. வாய் தானாகப் படித்தது: "சபையின் வழக்கப்படி முதல் இலை, இந்த இடத்தை மனமுவந்து அளித்த சோலைச்சாமி குடும்பத்தாருக்கு." எல்லோரும் கை தட்டினார்கள். இராமகிருஷ்ணனும் தட்டினார். போதகர் ஜெபம் பண்ணினார். நானும் கண்ணை மூடிக்கொண்டு, மேசையின் கடைசியில் எனக்கென்று போட்டிருந்த நாற்காலியில் உட்கார்ந்தேன்.

இராமகிருஷ்ணன் இரண்டு கவளம் சாப்பிட்டார். சுகர் இருக்கிறது என்று சொல்லி இலையை மூடிவிட்டார்.

அடுத்த பந்தியில் பெரியப்பாவைத் தேடினேன். தேடினேன் என்பதும் கொஞ்சம் கூடுதல். ஒரு பார்வை பார்த்தேன். ஆளைக் காணோம். வேப்பமரத்தடியில் இல்லை, கை கழுவும் தொட்டி பக்கமும் இல்லை. சபையில் ஒருவர், "பெரியப்பா எங்கன?" என்று கேட்டார். மற்றவர்கள் கூட்டத்திலும் கார் வந்த பரபரப்பிலும் எதையும் கவனிக்கவில்லை என்று அப்போதுதான் எனக்குப் புரிந்தது.

"சாப்புட்டுட்டு ஒரு மணி பஸ்ஸுக்குக் கெளம்பிட்டாருல்லா" என்றேன்.

இவ்வளவு சரளமாகப் பொய் வரும் என்று எனக்கே அதுவரை தெரியாது.

வீட்டில் ஞானசுந்தரி மூன்று நாள் என்னோடு பேசவில்லை. சோறு வைப்பாள், குழம்பு ஊற்றுவாள், அடுப்படிக்குப் போய்விடுவாள். நான் அதைப் பண்டிகை அலுப்பு என்று நினைத்துக்கொள்ள முயன்றேன். நாலாவது நாள் காலையில் சிவகாசி அச்சகத்திலிருந்து போன் வந்தது. எழுபத்தைந்தாம் ஆண்டு மலர் அங்கேதான் அச்சாகிறது, அதற்கும் நான்தான் பொறுப்பு. படங்களை எனக்கு அனுப்பிவிட்டு, அச்சகத்துப் பையன் கேட்டான்:

"அண்ணாச்சி, நடுப்பக்கத்துக்கு அந்த மேசைப் படம் நல்லாருக்கு. ஆனா பின்னால ஓரத்துல ஒரு பெரியவரு துண்டைக் கையில புடிச்சிக்கிட்டு நிக்காரு. பாக்க ஒரு மாதிரி இருக்கு. வெட்டிரவா?"

போனில் படத்தைத் திறந்து பார்த்தேன். மேசையில் எல்லோரும் சிரித்துக்கொண்டிருக்கிறார்கள். நான் மைக்கைப் பிடித்திருக்கிறேன். எனக்குப் பின்னால், பந்தல் கம்பத்துக்குப் பக்கத்தில் பெரியப்பா நிற்கிறார். அப்படியானால் நான் அந்த வாசகத்தைப் படித்தபோது அவர் அங்கேதான் இருந்திருக்கிறார். கைதட்டியதையும் கேட்டிருக்கிறார். அதற்குப் பிறகுதான் போயிருக்கிறார். படத்தில் அவர் யாரையும் முறைக்கவில்லை. மேசையைக்கூடப் பார்க்கவில்லை. துண்டைப் பார்த்துக்கொண்டு நிற்கிறார்.

"வெட்டிரு" என்றேன்.

நிமிர்ந்து பார்த்தால் ஞானசுந்தரி நிலைப்படியில் நின்றுகொண்டிருந்தாள்.

"யார வெட்டச் சொல்றீக?"

அவள் வந்து போனை வாங்கிப் படத்தைப் பார்த்தாள். பெரிதாக்கிப் பார்த்தாள்.

"நான் போட்ட சோறுங்க அது. என் கையால அள்ளிப் போட்டேன். அதுக்கு முன்னால இருந்து ஒரு மனுசர எழுப்பி வுட்டுட்டீகளே."

"நாற்காலி ஒண்ணு கொறஞ்சு போச்சு. அந்த நேரத்துல நான் என்ன செய்ய? பெரிய மனுசர நிக்க வைக்கவா?"

"கொறையலையே" என்றாள். குரலை உயர்த்தவே இல்லை. "ஒங்க நாற்காலி இருந்துச்சுல்ல?"

சத்தியமாகச் சொல்கிறேன், அந்த நிமிடம் வரை எனக்கு அது தோன்றவில்லை. நாலு நாளாக மனசுக்குள் எத்தனையோ வாதம் பண்ணியிருந்தேன். இன்னொரு நாற்காலி கொண்டு வரச் சொல்லியிருக்கலாம், பாயில் தனியாக ஒரு இலை போட்டிருக்கலாம் என்றெல்லாம் யோசித்தேன். நான் எழுந்திருக்கலாம் என்று மட்டும் யோசிக்கவில்லை. எனக்குக் காது இரண்டும் சுட்டது. ஐம்பத்திரண்டு வயதில் பெண்டாட்டி முன்னால் முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியாமல், சட்டையை மாட்டிக்கொண்டு வெளியே போய்விட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை ஆராதனையில் பாவ அறிக்கை வாசிக்கும் முறை எனக்கு. "நினைவினாலும் சொல்லினாலும் செய்கையினாலும்" என்று நான் வாசிக்க, எல்லோரும் திருப்பிச் சொன்னார்கள். பெண்கள் பக்கத்தில் ஞானசுந்தரி மட்டும் வாயைத் திறக்கவில்லை. புத்தகத்தைப் பார்க்காமல் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். இரண்டாவது வரியில் எனக்கு நாக்கு குளறியது. தண்ணீர் தாகம் என்று கையால் ஜாடை காட்டிச் சமாளித்தேன்.

ஆராதனை முடிந்ததும் வண்டியை எடுத்தேன். "விஸ்வநத்தம் போயிட்டு வந்துருதேன்" என்றேன். மீதமிருந்த பண்டிகைப் பலகாரம் ஏதாவது கட்டித் தரச் சொன்னேன்.

"ஒண்ணும் கொண்டு போகாதீக" என்றாள். "தின்னக் குடுத்துச் சரிக்கட்டுற விசயமா இது? வெறுங்கையோட போங்க. போயி கால்ல விளுங்க."

வழி நெடுகச் சொல்ல வேண்டியதை மனசுக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டே போனேன். வீட்டார் எல்லோர் முன்னாலும் சொல்ல வேண்டும்; புத்தி கெட்டுப் போய்ச் செய்துவிட்டேன், மன்னித்துவிடுங்கள் என்று சொல்லிக் காலில் விழ வேண்டும். மகன் கோபக்காரன் என்று கேள்வி. இரண்டு அடி அடித்தாலும் வாங்கிக்கொள்ள வேண்டும். அடித்தால் நல்லதாகப் போயிற்று என்றுகூட நினைத்தேன். அடி வாங்கிவிட்டால் தீர்ந்துவிடும் அல்லவா? சிவகாசி தாண்டும்போது என் தைரியத்தை நானே மெச்சிக்கொண்டேன். இப்படிப்பட்டவன் நான்.

சந்துக்குள் வரிசையாகச் சின்னச் சின்ன வீடுகள். மூன்றாவது வீட்டு வாசலில் பெரியப்பாவின் மருமகள் வள்ளித்தாய் உட்கார்ந்து துணி மடித்துக்கொண்டிருந்தாள். பாண்டிராஜ் லீவில் வீட்டில்தான் இருந்தான். உள்ளே கட்டிலில் பெரியப்பா உட்கார்ந்திருந்தார். என்னைப் பார்த்ததும் எழுந்து நின்றார்.

"வாங்க செக்கரட்டரி. உக்காருங்க" என்றார்.

எனக்கு அங்கேயே பாதி உயிர் போய்விட்டது. வாழ்நாளில் அவர் என்னை வாங்க என்று சொன்னதே இல்லை.

நான் வாயைத் திறப்பதற்குள் பாண்டிராஜ் முந்திக்கொண்டான். ஒரே நாற்காலியை இழுத்து எனக்குப் போட்டுவிட்டு, அவன் தரையில் உட்கார்ந்தான்.

"நானே ஒங்களுக்கு போன் பண்ணணும்னு இருந்தேன் அண்ணாச்சி. அப்பாவ இந்தத் தடவ அம்புட்டு கவனிச்சீகளாமே. மேசை போட்டு, வெள்ளத் துணி விரிச்சு, பெரிய மொதலாளிக்குப் பக்கத்துல உக்கார வச்சீகளாமே!"

"மைக்குல எங்க தாத்தா பேரச் சொன்னதும் சனமெல்லாம் கை தட்டுச்சாமே" என்றாள் வள்ளித்தாய். "மாமா வந்ததுல இருந்து அதத்தான் சொல்லிக்கிட்டு இருக்காக. கறி, கூட்டு, பாயாசம்னு ஒண்ணு விடாம வச்சீகளாம். ராத்திரிக்குச் சோறே வேண்டாம்னுட்டாக, வயிறு அம்புட்டு நெறஞ்சு போச்சாம்."

நான் பெரியப்பாவைப் பார்த்தேன். அவர் சுவரில் மாட்டியிருந்த காலண்டரைப் பார்த்துக்கொண்டிருந்தார். எங்கள் அசனத்தில் அன்று பாயாசமே கிடையாது. கேசரிதான் கிண்டினோம். அதை அவர் பார்க்கக்கூட இல்லை.

"நல்லா இருந்துச்சா அண்ணாச்சி பண்டிகை?" என்று பாண்டிராஜ் கேட்டான். என் வாயிலிருந்து அதைக் கேட்கக் காத்திருந்தான். "அப்பா சும்மா பெரும அடிக்காரோன்னு இவகூட கேலி பண்ணிக்கிட்டு இருந்தா."

இப்போது காலில் விழுந்தால் விழுவது நான் இல்லை, அவர். மகனும் மருமகளும் பார்த்துக்கொண்டிருக்க, பசியோடு இரண்டு பஸ் மாறி வந்து, வயிறு நிறைந்தது என்று சொல்லிப் பட்டினியாகப் படுத்த மனிதராகிவிடுவார்.

"அப்பா சொன்னது அம்புட்டும் நெசம்" என்றேன். "பாயாசம்கூட ரெண்டாந்தரம் வாங்கிக் குடிச்சாரு."

வள்ளித்தாய் சிரித்தாள். பாண்டிராஜ் அப்பாவைப் பார்த்துச் சிரித்தான். பெரியப்பாவும் சிரித்தார். நானும் சிரித்தேன்.

"போட்டோ எடுத்தாகன்னு அப்பா சொன்னாரு" என்றான் பாண்டிராஜ். "புஸ்தகத்துல போடுவீகளாமே. வந்ததும் எங்களுக்கு ஒண்ணு குடுங்க அண்ணாச்சி. தாத்தா நெலம் குடுத்தாருன்னு சொல்லுதோம், காட்டுறதுக்கு எங்கிட்ட ஒண்ணும் இல்ல. அப்பா எலை முன்னால உக்காந்திருக்க படத்த பெருசாக்கி மாட்டணும்."

அப்படி ஒரு படம் எங்கேயும் இல்லை. எடுக்க விடாமல் எழுப்பிவிட்டேன். இருந்த ஒன்றிலும் அவரை வெட்டச் சொல்லிவிட்டேன். "பாக்கேன்" என்றேன். வள்ளித்தாய் கொடுத்த காப்பியை மடக் மடக்கென்று குடித்தேன். வாய் வெந்தது.

கிளம்பும்போது பெரியப்பா வண்டி வரைக்கும் கூட வந்தார். வாசலிலிருந்து நாலு வீடு தள்ளி வந்ததும் நான் அவர் கையைப் பிடித்தேன்.

"பெரியப்பா, நான்..."

"சத்தம் போடாதீக" என்றார். கையை உருவிக்கொண்டார், முரட்டுத்தனமாக இல்லை, மெதுவாகத்தான். "பாண்டிக்குக் கேட்டுரும். அவன் கோவக்காரன். தெரிஞ்சா அந்த நெலத்துப் பேச்ச எடுப்பான், நாலு பேரக் கூட்டுவான். எங்கய்யா குடுத்தது குடுத்ததுதான். எனக்கு அந்த வம்பெல்லாம் வேண்டாம்."

"என்ன மன்னிச்சிருங்க."

"அத விடுங்க" என்றார். துண்டை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டார். "எங்கய்யாவுக்குப் போட்ட எலை அது. அதுல இருந்து எந்திரிக்கச் சொன்னாகன்னு நான் பெத்த மகன்கிட்ட எப்படிச் சொல்ல? அதான் அப்படிச் சொல்லிட்டேன். நீங்களும் அதுக்கு ஒத்துப் பேசுனீக. நல்லது."

அவரே தொடர்ந்தார்.

"அடுத்த வருசம் நான் வரல. இங்கன மேலுக்குச் சொகமில்லன்னு சொல்லிக்கிடுதேன். அங்கன யாராச்சும் கேட்டா நீங்களும் அதையே சொல்லிருங்க. ரெண்டு பக்கமும் ஒண்ணுபோல இருக்கட்டும்."

சொல்லவே கூசுகிறது, ஆனாலும் சொல்கிறேன். அதைக் கேட்டதும் எனக்கு முதலில் வந்தது நிம்மதி. யாருக்கும் தெரியப்போவதில்லை. சபைக்குத் தெரியாது, முதலாளிக்குத் தெரியாது, பாண்டிராஜுக்குத் தெரியாது. அவரே எல்லாவற்றையும் ஒழுங்குபடுத்திக் கொடுத்துவிட்டார்.

"சரி பெரியப்பா" என்றேன்.

அவர் தலையை ஆட்டிவிட்டுத் திரும்பி நடந்தார். நான் வண்டியைத் திருப்பிக்கொண்டிருந்தேன். சந்து குறுகல், இரண்டு தடவை முன்னும் பின்னும் தள்ள வேண்டியிருந்தது. அதற்குள் அவர் வீட்டுக்குள் போய்விட்டார். பாண்டிராஜின் குரல் கேட்டது.

"என்னப்பா, செக்கரட்டரி அண்ணாச்சி அங்கன நின்னு என்ன சொல்லிக்கிட்டு இருந்தாரு?"

"வேற என்னத்த சொல்லுவான், வேதம்" என்றார் பெரியப்பா. "அடுத்த வருசமும் நீங்க கட்டாயம் வரணும் பெரியப்பா, நீங்க வராம நாங்க எலை போட மாட்டோம்னு, கையப் புடிச்சிக்கிட்டு ஒரே பிடியா நின்னான்."

நான் அப்படி ஒரு வார்த்தை சொல்லவே இல்லை. சொல்லியிருக்க வேண்டும் என்பதுகூட அவர் சொல்லிக் கேட்ட பிறகுதான் எனக்குத் தெரிந்தது.